வெள்ளெருக்கா, வேறெருக்கா?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் எருக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் சுற்றில் வேலியோரம், குளத்துக் கரை, கட்டட மண் கொட்டிய மேடு என்று வெயில் நேராக இறங்கும் இடமெல்லாம் அது நிற்கும். ஊதாவாகப் பூத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளையாகப் பூத்துவிட்டால் மஞ்சளும் குங்குமமும் வந்து சேர்கின்றன. வேருக்கு விலையும் வந்துவிடுகிறது. இந்த வெள்ளை மோகத்தில்தான் இரண்டு தனித்தனி இனங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியா. தமிழ்நாட்டில் நாம் எருக்கு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மற்றொன்று கலோட்ரோபிஸ் புரோசெரா. ராஜஸ்தானிலிருந்து அரேபியா வழியாக ஆப்பிரிக்கா வரை மணலும் வறட்சியுமான பூமியெல்லாம் இதன் ராஜ்ஜியம். நம் பக்கத்து வறண்ட காடுகளிலும் ஆங்காங்கே உண்டு. வெள்ளெருக்கு என்று கும்பிடப்படுவது பெரும்பாலும் ஜைஜாண்டியாவின் வெள்ளைப் பூ வகைதான். செம்பருத்தியில் வெள்ளை பூப்பது போல, இனம் அதே இனம். ஆனால் மூலிகைப் பட்டியல்கள் பலவற்றில் வெள்ளெருக்கு என்ற பெயருக்கு நேராகப் புரோசெரா என்று போட்டிருக்கிறது. அதை நம்பிச் செடியைத் தேடுகிறவர் தவறான செடியின் முன் போய் நிற்பார்.

ஆகவே நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். நிறம் இங்கே சாட்சி சொல்லாது.

நன்றாக மலர்ந்த ஒரு பூவின் முன் குனிந்து, இதழ்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். ஜைஜாண்டியாவில் ஐந்து இதழ்களும் அகல விரிந்து பின்பக்கம் மடங்கும், நுனி சற்று முறுக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் இருக்கும் கிரீடம் தனியே தூக்கிக்கொண்டு தெரியும். புரோசெராவில் இதழ்கள் மடங்குவதில்லை. கிரீடத்தைச் சுற்றிக் கிண்ணம் போல நிமிர்ந்தே நிற்கும். அடிப்பக்கம் வெளுத்து, ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஊதாத் திட்டு இருக்கும். வெள்ளை ஜைஜாண்டியாவில் இந்தத் திட்டு கிடையாது. அளவும் உதவும்: ஜைஜாண்டியாப் பூ மூன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம் வரும், புரோசெரா அதில் ஏறக்குறைய பாதிதான்.

பூ விரியாத நாளில் மொட்டைப் பாருங்கள். புரோசெராவின் மொட்டு உருண்டை. ஜைஜாண்டியாவின் மொட்டு சற்றே நீண்டது. மணத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். புரோசெராவில் இனிய வாசனை உண்டு, ஜைஜாண்டியாவில் அநேகமாக ஒன்றும் இராது. இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் அதே தடிப்பு, அதே மாவு பூசிய சாம்பல் பச்சை, கிள்ளினால் அதே பால்.

இன்னும் நெருங்கிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்குக் கிரீடம் போதும். ஐந்து சதைப்பற்றான மடல்கள், அவற்றின் நடுவே ஐங்கோண மேடை. ஜைஜாண்டியாவில் மடல்கள் அந்த மேடையை எட்டாமல் தாழ்ந்து நிற்கும், மேல் முனைக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் காது போலப் புடைத்திருக்கும். புரோசெராவில் மடல் மேடைக்குச் சமமாகவோ மேலேயோ ஏறிவிடும். இந்தப் பூவில் மகரந்தம் தூளாகக் கொட்டுவதில்லை. இரட்டைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டு வந்து உட்காரும்போது அதன் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. காலை வெயிலில் ஒரு செடி அருகே சும்மா நின்றாலே இதைப் பார்க்கலாம்.

சரி, எதற்கு எது? பிள்ளையார் சதுர்த்தி மாலைக்கு ஜைஜாண்டியா. பூ பெரிது, கோக்க வாகு. ஊதாவா வெள்ளையா என்று விலை பேசத் தேவையே இல்லை. எருக்கம்பூவைக் கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது என்று கபிலர் புறநானூற்றின் 106ஆம் பாட்டில் சொல்லிவிட்டார். அவர் உயிர்விட்டதாகச் சொல்லும் திருக்கோவிலூர் நமக்குப் பக்கத்து ஊர். தாய்லாந்தில் மாலைக்கும் ஹவாயில் விருந்தாளி கழுத்துக்கும் போவதும் இதே ஜைஜாண்டியாதான்.

வீட்டில் வெள்ளெருக்கு வைக்க நினைப்பவர் தண்டுப் போத்து வாங்கி நடுவதே நல்லது. விதையில் முளைப்பது வெள்ளையாகவே பூக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வண்ணத்துப்பூச்சிக்காக வளர்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வெந்தய வரியனின் புழு இரண்டையும் தின்று வளரும். மருந்துக்கு என்றால் சித்த மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள். இரண்டின் பாலிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது.

வேரில் செதுக்கிய பிள்ளையாரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காயவைத்துச் செதுக்கிய வேரைக் கண்ணால் பார்த்து, அது எந்தப் பூ பூத்த செடி என்று சொல்ல வழியில்லை. உண்மையிலேயே வெள்ளெருக்காக இருந்தால், ஒரு முழுச் செடியைத் தோண்டிக் கொன்றுதான் அது வந்திருக்கும். உயிரோடு நிற்கும் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.

பூ பறிக்கும்போது காம்பை முகத்துக்கு எதிரே ஒடிக்காதீர்கள். மொட்டை அழுத்தி வெடிக்கவைக்கும் பிள்ளைகளையும் தடுங்கள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் வலி பெரிதாக இல்லாமலேயே பார்வை மங்கலாம். வலியில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது கண்ணில் விட்டு அலசி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.