சாவி யார் கையில்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு 17 வயது. டியூஷனுக்கு அப்பாவின் பைக்கைத்தான் எடுத்துப் போகிறான். சாவியை ஒளித்து வைத்தால் வீடே ரணகளம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ரணகளமானாலும் பரவாயில்லை, சாவியைக் கொடுக்காதீர்கள். கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் கிடைப்பது, 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்று வீடுகளில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டர்கூட அதில் சேராது.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையே பிடிக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இதை அவனிடம் கத்தாமல் விளக்குங்கள்.

18 ஆனதும் எல்.எல்.ஆர். எடுத்து, முறையாகப் பழகட்டும். ஹெல்மெட் கட்டாயம், மூன்று பேர் ஏறக்கூடாது, மீறினால் ஒரு வாரம் சாவி இல்லை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஜி.பி.எஸ். பொருத்துவதானால் அவனிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள். ரகசிய உளவு நம்பிக்கையைக் கெடுக்கும். முக்கியமாக, அவன் அப்பாவும் ஹெல்மெட் போடட்டும்!