மொழி தடையாக வேண்டாம்

2020 ஜூலை 4 அன்று, கொரோனா பரவலால், மெல்பர்னில் 9 அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் திடீரென அடைக்கப்பட்டன. அங்கே பல மொழி பேசும் குடும்பங்கள்; என்ன நடக்கிறதென்றே பலருக்குப் புரியவில்லை.

அந்த நிலை உங்களுக்கு வராமலிருக்க, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அழைத்து “தமிழ்” என்று சொன்னால் போதும்; மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வந்து, நீங்கள் அணுக வேண்டிய அலுவலகத்துடன் பேச உதவுவார். 24 மணி நேரமும் கிடைக்கும். பிள்ளைகளை இடையில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். நோய்ச் செய்தியின் பாரம் அவர்களுக்கு வேண்டாம்.

அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை இல்லாதவர்களுக்கும் பெருந்தொற்றுக் காலத்தில் கொரோனா தடுப்பூசி இலவசமாகவே போடப்பட்டது. ஆகவே, அட்டை இல்லையென்றாலும் என்ன உதவி கிடைக்கும் என்று தயங்காமல் கேளுங்கள்.

கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளே, வாட்ஸ்அப்பில் வரும் சுகாதாரச் செய்தியை மாநிலச் சுகாதாரத் துறை இணையதளத்தில் தேதி பார்த்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். தனியாக வாழும் முதியவர்களை அழைத்து, மருந்து இருக்கிறதா என்று விசாரியுங்கள்.