சாலையிலிருந்து ஓடைக்கு: டயர் ரசாயனமும் நன்னீர் மீன்களும்

ஓர் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் முதற்சந்தேகம் ஆலைக் கழிவின் மீதோ சாக்கடை நீரின் மீதோ விழுவது இயல்பு. கழிவு வெளியேறும் குழாயைக் கண்டறிந்து, நீரின் மாதிரியை எடுத்துச் சோதித்து, காரணத்தை நிலைநாட்டுவது அலுவலர்களுக்குப் பழகிய வழி. ஆனால் அருகில் ஆலை இல்லை. சாக்கடைக் குழாய் இல்லை. சோதனைக்கூடம் தரும் எண்களும் திருப்திகரமாகவே உள்ளன. இருந்தும் மீன்கள் மடிகின்றன என்றால் எங்கே தேடுவது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. விடை, சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்தின் சக்கரத்திலும் இருந்தது.

சீரமைத்த ஓடையில் நேர்ந்த சாவு

வாஷிங்டன் மாநிலத்தின் பெரிய நகரமான சியாட்டில், பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியின் கரையில் உள்ளது. அந்நகரின் வழியே ஓடிக் கடலில் கலக்கும் சிற்றோடைகள் பல, நகர வளர்ச்சியால் சீர்கெட்டிருந்தன. 1990ஆம் ஆண்டுகளில் அவற்றுட் சிலவற்றைச் சீரமைக்கும் பணிகள் நடைபெற்றன. சால்மன் மீன்கள் மீண்டும் வந்து முட்டையிட வேண்டும் என்பது இப்பணிகளின் நோக்கம்.

மீன்கள் வந்தன. ஆனால் அவை முட்டையிடவில்லை. நீரின் மேற்பரப்பில் திசை தெரியாமல் சுற்றின, வாயைப் பிளந்தன, துடுப்புகளை விரித்துச் சமநிலை இழந்து சாய்ந்தன, சில மணி நேரத்துக்குள் இறந்தன. இறந்த பெண் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது முட்டைகள் அப்படியே இருந்தன. லாங்ஃபெலோ ஓடையில் 2002 முதல் 2009 வரை நாள்தோறும் நடத்திய கணக்கெடுப்பில், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வந்து சேர்ந்த கோஹோ சால்மன் மீன்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடுமுன்னரே மடிந்தது தெரிய வந்தது. நகருக்கு அப்பாலுள்ள ஓர் ஓடையில் 2002இல் எடுத்த கணக்கில் இந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்த இழப்பின் தன்மையை உணரக் கோஹோவின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். இது நன்னீரில் பிறந்து, ஓராண்டுக்கு மேல் ஓடையில் வளர்ந்து, பின்னர் கடலுக்குச் செல்கிறது. பெரும்பாலும் மூன்றாம் வயதில், பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து, ஒரே ஒரு முறை முட்டையிட்டு இறந்து போகிறது. முட்டையிட்ட பின் இறப்பது இயற்கை. முட்டையிடுமுன் இறப்பது ஒரு தலைமுறையே அற்றுப் போவதற்குச் சமம்.

நீண்ட தேடல்

ஆராய்ச்சியாளர்கள் முதலில் வழக்கமான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். நீரில் கரைந்த ஆக்சிஜன் போதிய அளவில் இருந்தது. வெப்பநிலையிலும் அம்மோனியாவிலும் குறை காணப்படவில்லை. நோய்க் கிருமிகளோ பூச்சிக்கொல்லிகளோ காரணமெனச் சொல்ல ஆதாரம் கிட்டவில்லை. சாலை நீரில் காணப்படும் உலோகங்களையும் எண்ணெய் சார்ந்த ஹைட்ரோகார்பன்களையும் செயற்கையாகக் கலந்து, அக்கலவையில் மீன்களை விட்டுப் பார்த்தனர், அவை சாகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த மழைநீரில் விட்டபோதோ சில மணி நேரத்தில் மடிந்தன. ஆக, நஞ்சு சாலை நீரில்தான் உள்ளது. ஆனால் சோதனைப் பட்டியல்களில் இல்லாத ஒன்று என்பது உறுதியாயிற்று.

மடிந்த மீன்கள் காணப்பட்ட ஓடை நீரின் ரசாயனக் கூறுகள், டயர்த் தூளை ஊறவைத்த நீரின் கூறுகளை ஒத்திருந்தன. அந்த ஊறல் நீரில் இருந்த ரசாயனப் பொருள்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். டக்கோமாவிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழக வளாகத்திலும், புயாலப்பிலுள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றிய விஞ்ஞானிகள் இந்நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியிலும் இளம் கோஹோ மீன்களை விட்டு, அவற்றைக் கொல்லும் பகுதியை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே சென்றனர். இறுதியில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஒரு பொருள் எஞ்சியது. அறிந்த நச்சுப் பொருள்களின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' ஆராய்ச்சி இதழ் இம்முடிவை வெளியிட்டது.

காவற்பொருளே நஞ்சாதல்

ரப்பரின் பெரும் பகைவன் காற்றிலுள்ள ஓசோன். அது ரப்பரின் மூலக்கூறுத் தொடரைத் தாக்கி அறுப்பதால் டயரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. இதைத் தடுக்க 6-பி.பி.டி. என்னும் பொருளை டயரில் சேர்க்கின்றனர். 1960ஆம் ஆண்டுகளிலிருந்து வழக்கில் உள்ள இப்பொருள், மெல்ல மெல்ல டயரின் மேற்பரப்புக்கு வந்து, ஓசோன் ரப்பரைத் தொடுமுன் தானே அதனுடன் வினை புரிகிறது. டயர் உழைப்பதும், ஓட்டத்தில் வெடிக்காமல் பயணிகளைக் காப்பதும் ஓரளவு இதனால்தான்.

ஆனால் அவ்வினையின் விளைவாகப் பிறப்பது 6-பி.பி.டி. குவினோன் என்னும் மற்றொரு பொருள். அதுவே தேடப்பட்ட நஞ்சு. தொழிற்சாலையில் யாரும் தயாரிக்காத, யாரும் விற்காத இப்பொருள், டயர் தன் கடமையைச் செய்யும்போது தானாக உண்டாகிறது. டயர் தேய்ந்து உதிரும் துகள்களுடன் சாலையோரத்தில் தங்கி, கோடைக்குப் பின் பெய்யும் மழையில் கழுவப்பட்டு ஓடையை அடைகிறது. கோஹோ மீன்கள் கடலிலிருந்து திரும்புவதும் அதே பருவத்தில்தான்.

சோதனைத் தொட்டியிலுள்ள மீன்களில் பாதியைக் கொல்லத் தேவையான அளவைக் கொண்டு ஒரு நஞ்சின் வலிமையை மதிப்பிடுவது மரபு. கோஹோவைப் பொறுத்தமட்டில் இது லிட்டருக்குச் சுமார் 0.8 மைக்ரோகிராம் என 2020இல் கணிக்கப்பட்டது. தூய்மையான மாதிரிப் பொருளைக் கொண்டு மறுபடி அளந்தபோது, 2022இல் இது 0.095 மைக்ரோகிராம் எனத் திருத்தப்பட்டது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஆயிரத்தை நிரப்பி, அத்தண்ணீர் முழுவதிலும் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு ஏறத்தாழ இதுவே.

எல்லா மீன்களும் ஒன்றல்ல

இந்த நஞ்சு எல்லா உயிர்களையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. கோஹோவின் நெருங்கிய இனமான சம் சால்மன், அதே சாலை நீரில் உயிரோடிருந்தது. புரூக் டிரவுட் மீனுக்கு லிட்டருக்குச் சுமார் 0.6 மைக்ரோகிராமும், ரெயின்போ டிரவுட்டுக்குச் சுமார் 1 மைக்ரோகிராமும் பாதியைக் கொல்லும் அளவுகளாகக் காணப்பட்டன. ஆனால் ஆர்க்டிக் சார், வெள்ளை ஸ்டர்ஜன் ஆகியவை சோதனைகளில் மடியவில்லை. ஆய்வுக்கூடங்களில் நீரின் நச்சுத்தன்மையை அறியப் பெரிதும் பயன்படும் வரிக்குதிரை மீனும், டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளும் குறுகிய காலச் சோதனைகளில் பிழைத்தன.

இதில் ஒரு முக்கியமான படிப்பினை உள்ளது. வரிக்குதிரை மீனை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், இப்பொருள் தீங்கற்றது என்று சான்றிதழ் பெற்றிருக்கும். ஓர் இனத்துக்குப் பாதுகாப்பானது பக்கத்து இனத்துக்கும் பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது.

மண் என்னும் வடிகட்டி

நஞ்சின் பெயர் தெரியுமுன்னரே அதைத் தடுக்கும் வழி கண்டறியப்பட்டது குறிப்பிடத்தக்கது. நெடுஞ்சாலை மழைநீரை, 60 பங்கு மணலும் 40 பங்கு மக்கிய உரமும் கலந்த மண் படுகையின் வழியே வடியவிட்டு, அந்த நீரில் கோஹோ மீன்களை விட்டபோது ஒன்றும் இறக்கவில்லை. 2015இல் வெளியான இம்முடிவு, சாலையோரத் தாழ்நிலங்களில் செடிகளுடன் கூடிய மழைநீர்ப் படுகைகளை அமைக்கும் முறைக்கு வலுவூட்டியது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. நிலமும் பராமரிப்பும் தேவை.

ஆனால் ஒவ்வொரு சாலையின் ஓரத்திலும் படுகை அமைத்தல் எளிதன்று. ஆகவே மூலத்திலேயே தடுக்கும் முயற்சியும் தொடங்கியுள்ளது. கலிஃபோர்னியா மாநிலம் 2023 அக்டோபர் முதல், 6-பி.பி.டி. கொண்ட மோட்டார் வாகன டயர்களைத் தனிக் கவனத்துக்குரிய பொருளாக அறிவித்து, மாற்றுப் பொருளை ஆராயும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியது. சால்மனைத் தம் உணவாகவும் பண்பாடாகவும் கொண்ட யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்ளாலம், புயாலப் என்னும் மூன்று பழங்குடியினர் 2023 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பிடம் மனுச் செய்தனர். அவ்வாண்டு நவம்பரில் அம்மனு ஏற்கப்பட்டது. மாற்றுப் பொருளைக் காண்பதில் இருவகைக் கவனம் வேண்டும்: டயரின் பாதுகாப்புக் குறையலாகாது, மாற்றாக வருவதும் ஓசோனுடன் வினை புரிந்து வேறொரு நஞ்சாக மாறலாகாது.

இந்தியாவுக்கு உரிய பாடங்கள்

இந்தியாவின் சாலைகள் 63 லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை. பதிவு பெற்ற மோட்டார் வாகனங்கள் 30 கோடியைத் தாண்டிவிட்டன. 6-பி.பி.டி. இந்நாட்டிலேயே உற்பத்தியாகிறது. கோஹோ சால்மன் இந்திய ஆறுகளில் இல்லை. எனினும், இந்த நஞ்சுக்கு இலக்காகும் ரெயின்போ டிரவுட், காஷ்மீர், இமாசலப் பிரதேசம், நீலகிரி ஆகிய மலைப்பகுதிகளில் வளர்க்கப்படுகிறது. அங்குள்ள ஓடைகளை ஒட்டியே மலைச் சாலைகள் பலவும் செல்கின்றன. சமவெளியில் ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்கள் பருவமழை வெள்ளத்தில் முட்டையிடுகின்றன. கோடை முழுதும் சாலையில் படிந்ததைக் கழுவிக் கொண்டு வருவதும் அப்பருவத்தின் முதல் மழையே. எனவே இவ்வினங்களைக் கொண்டே இங்குச் சோதனைகள் நடத்துவது பயன் தரும்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆலைகளும் நகராட்சிகளும் கழிவை வெளியேற்ற இசைவு பெறும் முறையை ஏற்படுத்தியது. அம்முறைக்கு அடிப்படை, கழிவு வெளியேறும் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும் என்பதாகும். சாலை நீருக்கு அத்தகைய ஓரிடம் இல்லை. அதைத் தடுக்கும் பொறுப்பு, சாலையை வடிவமைக்கும் பொறியாளரிடமும், மழைநீர் வடிகாலின் வழியை முடிவு செய்யும் நகராட்சி அலுவலரிடமுமே உள்ளது. புதிய சாலைக்கும் பாலத்துக்கும் மதிப்பீடு தயாரிக்கும்போதே, வடிகாலை நேராக ஆற்றில் இறக்காமல் ஒரு மண் படுகையின் வழியே செலுத்த இடம் ஒதுக்குவது, பின்னர் செய்வதைவிடச் செலவு குறைந்தது.

சியாட்டிலில் ஓடையின் கரை சீராயிற்று; நீரும் தெளிவாகத் தெரிந்தது; அளவீட்டு எண்கள் விதிகளுக்குள் அடங்கின. ஆயினும் ஓடை கொல்லும் ஓடையாகவே இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தவை வயிற்றில் முட்டையுடன் மடிந்த மீன்களே. நீரின் தூய்மையை அளக்கும் கருவிகளுள் அந்நீரில் வாழும் உயிரும் ஒன்று என்பதை மறவாதிருத்தல், நீர்வளத்தைக் காக்கும் பொறுப்புடைய அனைவருக்கும் இன்றியமையாதது.