படுக்கை விரிப்பு: பார்த்து வாங்குவோம், பதமாக்கிப் பயன்படுத்துவோம்



காலையில் பட்டாசு ஆலை வேனிலோ மில் பஸ்ஸிலோ ஏறுகிறோம். சாயங்காலம் திரும்பி வந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, குழு நோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்கும்போது மணி பத்தாகிவிடுகிறது. மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரத் தூக்கம். அந்த ஆறு மணி நேரமும் நம் உடம்பு எந்தத் துணி மேல் கிடக்கிறது என்று யோசித்திருக்கிறோமா? ஒரு சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குவோம். பெட்ஷீட் என்றால் மட்டும் தெருவில் தவணைக்குக் கொண்டு வருகிறவரிடம் எதில் பூ பெரிசாக இருக்கிறது என்று பார்த்து வாங்கிவிடுவோம்.

கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு விதமான குறை வரும். "வாங்கும்போது வழுவழுன்னு இருந்துச்சு, படுத்தா ஒரே புழுக்கம்" என்பார்கள் சிலர். "காட்டன்னு வாங்கினேன், ரெண்டு தடவை துவைச்சதும் அட்டை மாதிரி ஆயிடுச்சு" என்பார்கள் வேறு சிலர். முதல் குறைக்குக் காரணம் துணி. இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர்த் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

எது பருத்தி?

கடையில் தொட்டதும் வழுக்கிக்கொண்டு போகிற, பளபளவென்று பூப்போட்ட மலிவு விரிப்புகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். 'கிளேஸ் காட்டன்' என்ற பெயரில் விற்பவற்றிலும் நிறைய பாலியெஸ்டர்தான். பெயரில் காட்டன் இருந்தால் துணியில் காட்டன் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அதில் படுத்தால் முதுகு பிசுபிசுக்கும், அரிக்கும். கொஞ்ச நாளில் துணி மேல் சின்னச் சின்ன உருண்டையாக நூல் திரண்டு உறுத்தும். நல்ல பருத்தி இதற்கு நேர்மாறு. வாங்கிய அன்று விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மெதுவாகும்.

கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. துணியின் ஓரத்தை உள்ளங்கையில் பத்து எண்ணும் வரை இறுக்கிக் கசக்கி விடுங்கள். பருத்தி என்றால் சுருக்கம் அப்படியே நிற்கும். பாலியெஸ்டர் உடனே விரிந்துகொள்ளும். அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சல்லடை மாதிரி தெரிந்தால் நெசவு நெருக்கமில்லை, சீக்கிரம் கிழியும். விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிர்ந்தால், கஞ்சியை ஏற்றித் துணியைக் கனமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கும் வழியும் இருக்கிறது. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். ஆனால் நம் பகுதியில் வீட்டிலேயே காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், ஆலையிலிருந்து வந்த உடுப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். அதனால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம். கசக்கிப் பார்ப்பதே போதும்.

மில்லில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு 'கவுண்ட்' என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை இருக்கிறதோ, அதுதான் கவுண்ட். 40 கவுண்ட் என்றால் 33,600 கெஜம், ஏறக்குறைய 31 கிலோமீட்டர் நீளம்! எண் கூடக்கூட நூல் மெலியும். 20 கவுண்ட் நூலில் நெய்த விரிப்பு தடிமனாக உழைக்கும். 40, 60 என்று போனால் மெல்லிசாக, மிருதுவாக இருக்கும். பாய் மேல் விரிக்க 20-ம், கட்டில் மெத்தைக்கு 40-ம் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். போனில் பார்த்து வாங்கும் பிள்ளைகள் 'ஆயிரம் நூல்' என்ற விளம்பரத்தில் மயங்குகிறார்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரம் நூல் சாதாரணமாக அடங்காது. முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணிச் சொல்லும் கணக்கு அது. 200-க்குப் பக்கத்தில் இருந்தாலே நமக்கு நல்ல துணிதான்.

கைத்தறி விரிப்புக்கு ஈரோடு பக்கம் சென்னிமலையும், ஜமக்காளத்துக்குப் பவானியும் பேர் போன ஊர்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி தருவார்கள். அப்போது பார்த்து வாங்கலாம். ஒரு விஷயம் கவனம்: பருத்தி சுருங்கும். நூறு அங்குலத்தில் ஐந்து அங்குலம் வரைகூடப் போகலாம். சரியான அளவில் வாங்காமல் கொஞ்சம் பெரிசாகவே வாங்குங்கள்.

சத்திரப்பட்டியில் இருக்கிறது பாடம்

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தறியிலிருந்து இறக்கும்போது அந்தத் துணியைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பாக, சொரசொரவென்று இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதே துணி புண்ணுக்குக் கட்டும் நிலைக்கு வரும்போது பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்கு விதி. நடுவில் என்ன நடந்தது? எதையும் சேர்க்கவில்லை. பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகையும், பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கப் போட்ட கஞ்சிப் பசையையும் காரம் சேர்த்து வேகவைத்து எடுத்துவிட்டார்கள், பிறகு வெளுத்தார்கள். அவ்வளவுதான்.

நம் வீட்டு விரிப்புக்கும் இதே கதைதான். மென்மை பருத்திக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை மூடியிருக்கும் கஞ்சி, சோப்பு, உப்பு மூன்றையும் வெளியேற்றினால் போதும். கடையில் விற்கும் துணி மென்மையாக்கும் திரவம் நூலின் மேல் ஒரு பூச்சு பூசி வழுவழுப்பாக்குகிறது. வாசனை வரும், ஆனால் துணி ஈரத்தை உறிஞ்சுவது குறையும். நம் வெயிலுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

புது விரிப்பை எப்படிப் பதமாக்குவது?

வாங்கியதும் அப்படியே விரித்துப் படுக்காதீர்கள். கஞ்சி மட்டுமில்லை, சாயமும் மற்ற ரசாயனமும் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்புப் போடாமல், ராத்திரி முழுவதும் முழுக வையுங்கள். காலையில் லேசாக நீராகார வாடை வந்தால் பயப்பட வேண்டாம், கஞ்சி புளித்துக் கரைகிறது. நன்றாக அலசி, பிறகு கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். இப்படி இரண்டு மூன்று துவையல் ஆனதும் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். கலர் விரிப்பைத் தனியாக ஊற வையுங்கள். உப்பைப் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வது வெறும் பேச்சு. சரியாகச் சாயம் ஏற்றாத துணி உப்புப் போட்டாலும் கழலும்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறது இல்லையா? அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து. நம் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். எண்ணெயில் செய்த பார் சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி திரிதிரியாகிவிடும். அந்தத் திரி நூலுக்குள் போய் உட்கார்ந்து காய்வதால்தான் துணி அட்டையாகிறது. நாமோ நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்க்கிறோம். சோப்பும் செலவு, துணியும் பாழ். கல்லில் ஓங்கி அடித்தால் மெதுவாகும் என்று அடிப்பதில் நூல்தான் அறுகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு பெரிய வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு தனியே பிரிந்து கலங்கலாகும். அதன் பிறகு சோப்புத்தூளைப் போடுங்கள். வழக்கத்தில் பாதித் தூளே போதும். ஏற்கெனவே விறைத்துப்போன பழைய விரிப்பு என்றால், சுடுதண்ணீரில் சலவைச் சோடா மட்டும் போட்டு ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். வாளியில் அழுக்குப் பால் மாதிரி இறங்கும். அதெல்லாம் பல மாதத்துச் சோப்பு! கையில் புண், வெடிப்பு இருப்பவர்கள் சோடாத் தண்ணீரில் கை விடாமல் குச்சியால் கிளறுங்கள்.

கடைசி அலசலுக்கு ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு அல்லது அரைக் கப் வினிகர் சேர்த்தால் மிச்சக் காரமும் சுண்ணாம்பும் போய்விடும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முக்கு. ஒன்றை மறக்கக்கூடாது: பிளீச்சிங் பவுடர் போட்ட துணியிலோ வாளியிலோ இந்தப் புளிப்பைச் சேர்க்கவே கூடாது. மூச்சை அடைக்கும் விஷ வாயு கிளம்பும்.

மழைத் தண்ணீரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு டிரம் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்காவது ஆகும்.

காய வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. காற்றில்லாத உச்சி வெயிலில் அசையாமல் காயும் பருத்தி விறைக்கும். இழைகளின் மேல் ஒட்டி நிற்கும் துளி ஈரமே பசை மாதிரி அவற்றைப் பிணைக்கிறது என்று ஜப்பானில் 2020-ல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் நன்றாக உதறி, காற்றோட்டமான நிழலில் போடுங்கள். காய்ந்ததும் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்து உதறி மடியுங்கள். வெடிப் பொருள் காயப்போடும் களத்தின் பக்கம் துணி காயப் போடவே வேண்டாம்.

ஆலை வேலை, தீக்காயம், விரிப்பு

ஆலைக்குப் பருத்தி உடுப்பில்தான் வர வேண்டும் என்று பாதுகாப்புப் பயிற்சியில் சொல்கிறார்கள். நைலான், பாலியெஸ்டர் உரசலில் மின்பொறி உண்டாகும், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வீட்டுப் படுக்கைக்கும் இது பொருந்தும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், அதனால் கொசுவத்தியை விரிப்பை விட்டுத் தள்ளியே வையுங்கள். ஆனால் உருகி ஒட்டுகிற ஆபத்து அதில் இல்லை.

அலுமினியப் பொடியும் கந்தகமும் கையில், தலைமுடியில், உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகின்றன. அலுப்பாக இருக்கிறது என்று அப்படியே சாய்ந்தால் விரிப்பில் இறங்கி, பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கும் அரிப்பு வரும். குளித்துவிட்டுப் படுங்கள். வேலை உடுப்பைத் தனி வாளியில் துவையுங்கள்.

தீக்காயம் ஆறிய உறவினர் நம்மில் பலருடைய வீட்டில் இருக்கிறார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து, கட்டு எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் எதில் படுக்க வைப்பது என்பது நம் பொறுப்பு. ஆறிய தோல் மெல்லிசாக இருக்கும், எளிதில் உரசிப் புண்ணாகும், ராத்திரியில் கடுமையாக அரிக்கும். ஆழமாக வெந்த இடத்திலும், தோல் வைத்து ஒட்டிய இடத்திலும் சரியாக வியர்க்காது என்பதால் உடம்பு சூட்டைத் தாங்காது. அவர்களுக்குப் பலமுறை துவைத்த பழைய பருத்தி விரிப்புதான் நல்லது. ஒட்டுத் தையல், சரிகை, எம்பிராய்டரி எதுவும் உடம்பில் படக் கூடாது. வாசனைத் திரவம் வேண்டாம், சோப்பு துளியும் தங்காமல் அலச வேண்டும். அம்மாவுடைய பழைய சுங்குடிச் சேலை இருந்தால் அதைவிட மேலான விரிப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் சுத்தமாகத் துவைத்து மடித்த ஒரு பழைய பருத்தித் துணி எப்போதும் தயாராக இருக்கட்டும். யாருக்காவது தீப்பட்டால் முதலில் இருபது நிமிஷம் குளிர்ந்த ஓடும் தண்ணீரைக் காட்டி, அந்தத் துணியால் லேசாக மூடி, 108-ஐ அழையுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மை, பற்பசை, பஞ்சு எதுவும் வைக்கக் கூடாது.

குழுவாக வாங்கினால்

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். தவணையில் 300 ரூபாய் பாலியெஸ்டர் விரிப்பு ஒரு வருஷம் வந்தால் மாதத்துக்கு 25 ரூபாய். 600 ரூபாய் பருத்தி விரிப்பு நாலு வருஷம் உழைத்தால் மாதம் 12 ரூபாய் 50 காசு. அதன் பிறகும் அது தொட்டிலுக்கும் பிள்ளைத் துணிக்கும் ஆகும். ஒரே தொகையாகக் கொடுக்க முடியாததால்தான் தவணைக்காரரிடம் போகிறோம். குழுவின் உள்கடனில் எடுத்து, இருபது பேருக்கும் சேர்த்து ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் மொத்தமாக வாங்கினால் விலையும் பேசலாம், தரமும் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய விரிப்பு கொண்டு வாருங்கள். ஊக்குநர் ஒரு வாளியும் கால் கிலோ சலவைச் சோடாவும் ஏற்பாடு செய்யட்டும். யார் வீட்டு விரிப்பிலிருந்து அதிகமாகப் பால் இறங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.