பில்லில் காற்புள்ளி எங்கே?

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறோம். மகன் பைத்தானில் எழுதிய பில் நிரலில் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் ரூபாய் 1,234,567 என்று அச்சாகிறது. பெங்களூரு வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள். எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: மகன் மேல் தப்பில்லை. பைத்தானின் காற்புள்ளி வடிவமைப்பு மும்மூன்று இலக்கமாகத்தான் பிரிக்கும். லட்சமும் கோடியும் அதற்குத் தெரியாது. 'பேபல்' என்ற இலவச நூலகத்தில் இந்திய ஆங்கில வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தால் 12,34,567 என்று வரும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

ஆனால் காற்புள்ளி அச்சிடும்போது மட்டும் சேரட்டும். சேமிப்பில் புகுந்தால் கூட்டல் கழித்தல் நடக்காது. பைசாக் கணக்குக்கு டெசிமல் வகையே நல்லது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. குறியீடுகளை எண்ணாகச் சேமிக்காதீர்கள். தமிழகத்தின் ஜிஎஸ்டி குறியீடு 33, கர்நாடகத்துடையது 29, இவற்றால் தொல்லையில்லை. டில்லியின் 07 வெறும் 7 ஆகிவிடும். உங்கள் ஊர் ரோஜாவுக்கான ஹெச்எஸ்என் 0603-ம் அப்படித்தான், 603 ஆகிவிடும். இவற்றை எழுத்துச் சரமாகவே வையுங்கள்.

மாற்றியபின் ஒரு கோடி ரூபாய்க்குச் சோதனை பில் போட்டுப் பாருங்கள். 1,00,00,000 என்று வரவேண்டும்.