முதலில் உங்கள் பதிலை எழுதிவிடுங்கள்

ஓர் அறிவியல் வீடியோவைப் பார்த்து முடித்ததும், ‘அடடா, எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்!’ என்று தோன்றினால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவர், வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலை 2011இல் தொடங்கிய டெரிக் முல்லர். அதற்கு முன்பு அவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே இயற்பியல் வீடியோக்களைத்தான். நேராக, சுத்தமாக விளக்கிய வீடியோவை மாணவர்கள் புகழ்ந்தார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் ஏறவே இல்லை எனலாம். பலரும் நம்பும் தப்பான விடையை முதலில் பேசவிட்டு, பிறகு அதை உடைத்த வீடியோவைக் குழப்பமாக இருக்கிறது என்றார்கள். அதைப் பார்த்தவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போன பிறகும் அதை ஏதோ ஒரு விசை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவர், ‘புவியீர்ப்பு மட்டும்தான்’ என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பழைய நம்பிக்கையோடேயே எழுந்து போவார்.

அதனால் கேள்வி வந்ததும் வீடியோவை நிறுத்தி, என் பதிலைக் காரணத்தோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுவேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. விடை தெரிந்த மறுகணமே ‘நானும் அதைத்தானே நினைத்தேன்’ என்று மனசு கட்சி மாறிவிடும்.

இதற்குத் தோதானது, அதே சேனலில் 2021இல் வந்த பிளாக்பேர்ட் வண்டி வீடியோ. எஞ்சின் இல்லாத வண்டி. பெரிய காற்றாடி ஒன்று உண்டு. காற்று அடிக்கும் திசையிலேயே, அந்தக் காற்றையே முந்திக்கொண்டு ஓடும் என்கிறார்கள். “காத்து தள்ளித்தானே வண்டி ஓடுது மாமா? காத்தோட வேகத்துக்கு வந்துட்டா அப்புறம் எது தள்ளும்?” என்று என் மைத்துனன் அடித்துப் பேசினான். அவனைக் குறை சொல்ல முடியாது. அலெக்சாண்டர் குசென்கோ என்ற கலிபோர்னியா இயற்பியல் பேராசிரியரே முடியாது என்று 10,000 டாலர் பந்தயம் கட்டித் தோற்றார். சூட்சுமம் இதுதான்: காற்றாடியைச் சுற்றுவது காற்றல்ல, சக்கரங்கள். காற்றாடியோ விசிறியைப் போலக் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. காற்றின் வேகத்தை எட்டிய வண்டியிலிருந்து பார்த்தால் தரை விரைந்து ஓடுகிறது, சுற்றியுள்ள காற்றோ நிற்கிறது. ஓடும் தரையிலிருந்து எடுத்த ஆற்றலை நிற்கும் காற்றின் மேல் செலவழிக்கும்போது, சக்கரம் இழுத்துப் பிடிப்பதைவிடக் காற்றாடி தள்ளுவது அதிகம். முதல் வீடியோவோடு எழுந்துவிடாதீர்கள். பந்தயத்துக்குப் பிறகு வந்த இரண்டாவதில்தான் விஷயம் பிடிபடும். மறுப்புக்குப் பதில் சொல்லும் வீடியோ எப்போதுமே ஒரு படி மேல்.

விளக்கமே இல்லாததுபோலத் தெரியும் வீடியோக்களும் உண்டு. பழங்கால முறையில் பொருள்களைச் செய்துகாட்டும் ‘பிரிமிட்டிவ் டெக்னாலஜி’ சேனலில், அதை நடத்தும் ஆஸ்திரேலியாவின் ஜான் பிளான்ட் வாயே திறக்க மாட்டார். சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வேலைக்கும் விளக்கம் ஓடும். வருடக்கணக்காகப் பார்ப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

வீடியோவுக்குக் கீழே ஆதாரம் கொடுத்திருக்கிறார்களா, தங்கள் பிழையைத் தாங்களே ஒத்துக்கொள்கிறார்களா என்றும் பார்ப்பேன். ஜெர்மனியின் குர்ட்ஸ்கெசாக்ட் சேனல், தன் தரத்துக்கு ஒத்துவராத பழைய வீடியோக்கள் இரண்டை 2019இல் தானே நீக்கியது. அப்படிப்பட்டவர்களை நம்பிப் பார்க்கலாம்.

பார்த்ததை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் ‘ஏன்?’ வரும்போது சமாளித்துவிடுவேன், இரண்டாவது ‘ஏன்?’ வந்தால் பெரும்பாலும் திணறல்தான். எந்த இடத்தில் திணறினேனோ, அங்கிருந்து வீடியோவை மறுபடி ஓட்டுவேன்.