பம்புசெட் என்ஜினில் வண்டி கட்டலாமா?

கிணற்றடியில் சும்மா கிடக்கும் டீசல் என்ஜினைக் கொண்டு வீட்டிலேயே வண்டி கட்டலாமா என்று சில விவசாயிகள் கேட்கின்றனர். இராஜஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் இவ்வாறு கட்டிய வண்டிக்கு 'ஜுகாட்' என்று பெயர். பழைய ஜீப்பின் கியர் பெட்டி, அச்சு, சக்கரங்களுடன் மரப்பலகைகளைப் பொருத்திவிடுகின்றனர். ஓட வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரேக்கைத்தான் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தேய்ந்த பிரேக் பாரத்தைத் தாங்காது.

இதுவும் மோட்டார் வாகனமே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பதிவும் இன்சூரன்சும் இன்றிச் சாலையில் ஓட்டி விபத்து நேர்ந்தால் நட்டஈடு உரிமையாளர் தலையில்தான்; நிலத்தையே விற்க வேண்டி வரலாம். ஆசைக்குக் கட்டுவோர் சொந்தத் தோட்டத்துக்குள் எரு, புல் சுமக்க மட்டும் நடை வேகத்தில் ஓட்டவும். ஆட்களை ஏற்ற வேண்டாம். பெல்ட்டுக்குத் தகர மூடி அவசியம். வேட்டி நுனி சிக்கிக்கொள்ளும்.